ஒரே அலையில் இரண்டு பேர்

அத்தியாயம் பதினொன்று

“இன்றைக்கு உண்டு” என்று விடியற்காலையிலேயே செய்தி வந்துவிட்டது.

ஒரு வாரமாக ஹலேய்வா என்ற அந்தத் தீவு ஊரில் கடல் சோம்பேறியாகப் படுத்துக் கிடந்தது. அலைச்சறுக்குப் போட்டி நடத்துகிறவர்கள் தினமும் காலையில் வருவார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், “இன்றைக்கு இல்லை” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நேற்று சாயங்காலம் வடமேற்கிலிருந்து பெரிய அலை கிளம்பியது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

நோஹியா அந்தச் செய்தியைக் கட்டிலில் உட்கார்ந்தபடி படித்தாள். மூன்று படுக்கையறை கொண்ட வீடு அது. அவள் விளம்பரம் செய்யும் கம்பெனிக்காரர்கள் எடுத்துக் கொடுத்தது. ஓர் அறையில் அவள் இருந்தாள், இன்னோர் அறையில் அவளுடைய போர்டுகள் இருந்தன. மூன்றாவது அறையின் கதவை அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிறந்து வளர்ந்த ஊரிலேயே வாடகை வீட்டில் தங்குகிறவளை என்னவென்று சொல்வது? அக்கா உலுலானியின் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே நோஹியாவின் பழைய அறையில் இப்போது கவேனா படுக்கிறாள்.

கவேனாவுக்குப் பதினைந்து வயது. நோஹியா பெற்ற பெண்.

போன வாரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நோஹியா போட்டு உடைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். “கவேனாவை என்கூட அனுப்பு அக்கா. இனிமேல் நான் போற ஊருக்கெல்லாம் அவளும் வரட்டும்” என்று கேட்டுவிட்டாள். அக்கா புருஷன் மெல்வின் வாயருகே கொண்டு போன கரண்டி அப்படியே நின்றது.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள், அதனால்தான். பிள்ளையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொடுப்பதற்கு இங்கே ஹானாய் என்று பெயர். அதில் ஒளிவு மறைவு கிடையாது. பெற்றவள் யார், வளர்க்கிறவள் யார் என்று பிள்ளைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பிக் கேட்பது வழக்கமில்லை.

இருபது வயதில், உலகப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது, நோஹியா குழந்தையை அக்கா மடியில் வைத்துவிட்டு விமானம் ஏறினாள். அந்த வருஷம் பட்டம் வாங்கினாள். பிறகு இரண்டு முறை வாங்கினாள். அப்பன் யார் என்ற கதை இப்போது வேண்டாம், அந்த ஆளும் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. கோப்பைகள் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. குழந்தையும் அக்கா வீட்டில். நோஹியாவிடம் இருப்பதெல்லாம் சக்கரம் வைத்த பெட்டிகள்தான்.

அன்றைக்கு உலுலானி கத்தவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கியபடி, “அவ என்ன கைக்குழந்தையா? அவளே சொல்லட்டும்” என்றாள்.

கவேனா வளர்த்த அம்மாவையும் பார்க்கவில்லை, நோஹியாவையும் பார்க்கவில்லை. “போட்டி முடியட்டும் ஆன்ட்டி, சொல்றேன்” என்றாள்.

ஆன்ட்டி. இந்த ஊரில் அரைக்கிழவி ஆன எல்லாருமே எல்லாருக்கும் ஆன்ட்டிதான். மீன் விற்கிறவளும் ஆன்ட்டி, பெற்றவளும் ஆன்ட்டி.

அதற்குப் பிறகு வந்ததுதான் வம்பு. உள்ளூர்த் தகுதிச் சுற்றில் ஜெயித்துக் கவேனா பெரிய போட்டிக்குள் நுழைந்துவிட்டாள். சீட்டு எடுத்ததில் அவளுக்கு எதிரே வந்த பெயர் நோஹியா.

முப்பத்தைந்து வயதில் நோஹியாவின் புள்ளிகள் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தச் சுற்றில் ஜெயித்தால், ஊர் ஊராக நடக்கும் உலகச் சுற்றில் இன்னொரு வருஷம் இடம் உண்டு. தோற்றால் இல்லை. தோற்றுவிட்டால் பெண்ணை எந்த ஊருக்கு அழைத்துப் போவது? அவளிடம் கொடுப்பதற்கு இருப்பதே அந்த ஊர்களும் விமானங்களும்தான். பெண் கூட வரவேண்டுமென்றால் பெண்ணைத் தோற்கடிக்க வேண்டும். இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தும் இதற்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் எழுந்து முகம் கழுவினாள். பெரிய போர்டை எடுப்பதா, சின்னதை எடுப்பதா என்று வாய்விட்டுக் கேட்டாள். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பெரியதை எடுத்துக்கொண்டாள்.

கடற்கரை வண்டி நிறுத்துமிடத்தில் மெல்வின் தன் லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு, அதன் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். சாலை போடும் இலாகாவில் வேலை. போட்டி நாளென்றால் அவனுக்குத் தானாகவே முதுகு வலி வந்து லீவு கிடைத்துவிடும்.

“வா சாம்பியன்! முதுகு எப்படி இருக்கு?”

“உனக்குத்தானே முதுகு வலி?”

“அதான் கேட்டேன். என்னோடது நல்லா இருக்கு. வயசானது நீதான்.” அவன் பாசித் தாளில் சுற்றிய சோற்றுக் கட்டிப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். “முசுபி. உங்க அக்கா குடுக்கச் சொன்னா. கோபத்துல பிடிச்சா, சோறு கல்லு மாதிரி இருக்கும். பல்லு பத்திரம்.”

நோஹியாவுக்குச் சிரிப்பு வந்தது. “அக்கா எங்கே?”

“பொண்ணுக்குத் தலை பின்னிட்டு இருக்கா. வீட்டுல ரெண்டு கட்சி ஆயிப்போச்சு. நான் எந்தக் கட்சின்னு மட்டும் கேட்டுடாதே. வாயைத் திறந்தா ராத்திரி எனக்குச் சோறு கிடையாது.”

“என் கட்சியில யாரு இருக்கா?”

மெல்வின் விளையாட்டாகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். “சாப்பிடு, ஆறிடும்” என்று மட்டும் சொன்னான்.

போட்டியாளர் கூடாரத்தில் கவேனா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். நோஹியாவுக்குச் சிவப்பு. அந்தப் பெண்ணின் தோள்களைப் பார்க்கும்போதெல்லாம் நோஹியாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அப்படியே அவளுடைய தோள்கள்.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள் நோஹியா.

“கொஞ்சம் ஆன்ட்டி. உங்களுக்கு?”

“எனக்கும்தான்.”

“பொய்.” கவேனா சிரித்தாள். “ஞாயித்துக்கிழமை மாதிரின்னு நினைச்சுக்கப் போறேன். அப்பதான் பயம் தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை நோஹியா பல வருஷத்துக்குப் பிறகு இவர்களோடு சும்மா கடலில் இறங்கினாள். போட்டி இல்லை, கேமரா இல்லை. இந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை அலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் ஏறிய அலையில் இன்னொருத்தரும் ஏறுவார், இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். அன்றைக்கு நோஹியா உள்ளேயிருந்து ஓர் அலையில் எழுந்து வந்தபோது, முன்னால் கவேனா தயங்கிக்கொண்டிருந்தாள். “வா, வா! ஏறு! இடம் இருக்கு!” என்று கத்தியது நோஹியாதான். இரண்டு பேரும் ஒரே அலையில் கரை வரைக்கும் வந்தார்கள். கவேனா இவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோஹியா வாங்கிய எந்தக் கோப்பையும் அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

“அப்படியே நினைச்சுக்கோ” என்றாள் நோஹியா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

சங்கு ஊதியது.

ஹலேய்வாவில் அலையைவிட நீரோட்டம்தான் பொல்லாதது. சும்மா உட்கார்ந்தால் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும், உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதற்குக் கைகளால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். நோஹியாவின் தோள்பட்டை பத்து நிமிஷத்திலேயே முனக ஆரம்பித்தது. கவேனாவோ தண்ணீரில் பிறந்தவள் போல அலுங்காமல் இருந்தாள்.

நோஹியா முதல் அலையை நன்றாக எடுத்தாள். கவேனா அதைவிட நன்றாக ஒன்று எடுத்தாள். கரையில் ஒரே கூச்சல். ஒலிபெருக்கிக்காரர், “வெள்ளைச் சட்டை! நம்ம ஊர்ப் பொண்ணு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். சிவப்புச் சட்டையும் இந்த ஊர்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நோஹியாவின் இரண்டாவது அலை பாதியிலேயே செத்துப்போனது. கவேனாவின் இரண்டாவது அலை கரை வரைக்கும் வந்தது.

இரண்டு நல்ல அலைகளின் மதிப்பெண்ணைக் கூட்டினால் கவேனா முன்னால் இருந்தாள். நோஹியாவுக்கு இன்னும் ஒரு பெரிய அலை தேவை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அடுத்த அலைக்கான முன்னுரிமை நோஹியாவிடம் இருந்தது. முன்னுரிமை யாரிடமோ, அலை அவருக்கு. மற்றவர் வழியில் குறுக்கிட்டால், குறுக்கிட்டவருடைய இரண்டாவது அலையின் மதிப்பெண்ணை அடித்துவிடுவார்கள். குறுக்கீடா இல்லையா என்பதைக் கோபுரத்தில் இருக்கும் நடுவர்கள்தான் சொல்ல வேண்டும். இடைவெளி தாராளமாக இருந்தால் பேசாமல் விட்டுவிடுவதும் உண்டு.

தூரத்தில் கடல் கருத்தது. வரிசையாக அலைகள் வந்தன. முதலாவதை நோஹியா விட்டாள், இரண்டாவதையும் விட்டாள். மூன்றாவதுதான் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி, தோள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, நாலே துழாவலில் எழுந்து நின்றாள். நல்ல அலை. சுவர் போல முன்னால் நீண்டு கிடந்தது.

அந்தச் சுவரின் மறுமுனையில் கவேனா இருந்தாள்.

கவேனா தலையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து வருவது ஆன்ட்டி என்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. வாய் நிறையச் சிரித்தபடி, ஞாயிற்றுக்கிழமை போலவே, அந்த அலையில் ஏறிவிட்டாள்.

அவள் முன்னுரிமையை மறந்தாள், சட்டையின் நிறத்தை மறந்தாள், கோபுரத்தையும் மறந்தாள். கூப்பிடு தூரத்தில் சொந்தக்காரர் அலையில் வந்தால் ஏறிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டாள்.

இடைவெளி இருந்தது. நோஹியா பின்னாலேயே சறுக்கி வந்திருக்கலாம். நடுவர்கள் கண்டுகொண்டிருப்பார்களோ மாட்டார்களோ. அந்தச் சிரிப்பை நோஹியா நன்றாகத்தான் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே அவளுடைய இரண்டு கைகளும் மேலே போயின. போர்டைக் கவேனாவின் போர்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, கோபுரத்தைப் பார்த்துக் கைகளை விரித்தாள். ‘பாருங்கள், வழியை மறிக்கிறாள்!’ உலகச் சுற்றில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. குறுக்கே வந்தவளை நடுவர் கண்ணுக்குப் பிடித்துக் கொடுப்பது. இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ பேரை அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கை அதற்குப் பழகியிருந்தது.

கவேனாவின் சிரிப்பு உடனே போகவில்லை. ஏன் ஆன்ட்டி கையைத் தூக்குகிறாள் என்று புரியாமல் அது கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு அலை இரண்டு பேரையும் உருட்டிவிட்டது.

நோஹியா தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை குறுக்கீடு. வெள்ளைச் சட்டையின் இரண்டாவது அலை ரத்து. சுற்று முடிந்தது, கூட்டு மதிப்பெண்ணில் சிவப்புச் சட்டைக்கு வெற்றி.

நோஹியா பாதியில் கெடுத்துக்கொண்ட அந்த அலைக்கு வந்த மதிப்பெண் ஒன்றுக்கும் உதவாதது. கையைத் தூக்காமல் கரை வரைக்கும் சறுக்கியிருந்தால் நியாயமாகவே ஜெயித்திருப்பாளோ என்னவோ. அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

கரையில் கூட்டம் கவேனாவை நோக்கி ஓடியது. யாரோ அவள் கழுத்தில் பூமாலை போட்டார்கள், யாரோ துண்டு போர்த்தினார்கள், மெல்வின் அவளை அப்படியே தூக்கிக்கொண்டான். தோற்றவளுக்கு இவ்வளவு வரவேற்பு.

ஜெயித்தவள் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக மணலில் ஏறி வந்தாள். இந்தக் கடற்கரையில் அவளைக் குழந்தையிலிருந்து தெரிந்த ஆன்ட்டிகள் நாலைந்து பேர் குளிர்பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்கள். அவள் தாண்டிப் போன பிறகுதான் நிமிர்ந்தார்கள். யாராவது ஒருத்தி திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கூடாரத்து வாசலில் உலகச் சுற்றுக்காரி ஒருத்தி, வெளிநாட்டுப் பெண், அவள் முதுகில் தட்டினாள். “சரியான நேரத்துல கையைத் தூக்கினீங்க. அனுபவம்னா அனுபவம்தான்” என்றாள். அவள் மனதாரப் பாராட்டியதுதான் நோஹியாவுக்குத் தாங்கவில்லை.

பேட்டி எடுக்க வந்தார்கள். சொந்தக் குடும்பத்தோடு மோதியது எப்படி இருந்தது? “ரொம்பப் பெருமையா இருக்கு. அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு” என்றாள். இம்மாதிரிப் பதில்கள் அவளிடம் எப்போதும் கைவசம் உண்டு. இன்னொரு வருஷம் இடம் உறுதியாகிவிட்டது என்று சொல்லி ஒருவர் கைகுலுக்கினார். அவள் நன்றி சொன்னாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் உலுலானி அவளுக்காகக் காத்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, நோஹியாவின் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, அது போட்டி விதி—”

“விதி எனக்கும் தெரியும்டி. நான் என்ன மலைமேலயா குடியிருக்கேன்? அவ பண்ணது தப்பு. அதை நடுவர் பாத்துச் சொல்லட்டும். உன் கை எதுக்கு மேல போச்சு?”

நோஹியா வண்டிச் சாவியைத் தேடினாள்.

“சிரிச்சா. கரையில நின்ன எனக்கே தெரிஞ்சுது. உன்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே வந்தா. உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா தூக்கினே?”

“கை தானா போயிடுச்சுக்கா. சத்தியமா.”

உலுலானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அதான் எனக்குப் பயமா இருக்கு. யோசிச்சுத் தூக்கியிருந்தாகூட, சரி, ஆசை கண்ணை மறைச்சிடுச்சுன்னு விட்டிருப்பேன்.” அவள் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். “நீ ஊர் ஊராப் போயி எவ எவ மேலயோ அந்தக் கையைத் தூக்கினப்பல்லாம் நான் டிவி முன்னாடி உக்காந்து கை தட்டினேன். என் தங்கச்சி கெட்டிக்காரின்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

அவள் விலகி வழிவிட்டாள். போகும்போது திரும்பி, “சாயங்காலம் வா. பதில் சொல்றேன்னு அவ உனக்கு வாக்குக் குடுத்திருக்கா. சொல்லட்டும். கேட்டுட்டுப் போ” என்றாள்.

பதில் என்னவாக இருக்கும் என்று நோஹியாவுக்குத் தெரியாதா?

வாடகை வீட்டில் அவள் உப்புத் தண்ணீர்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியில் வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. எங்கெங்கோ இருந்து, யார் யாரோ. அந்தப் பெயர்களில் ஒன்றிடமாவது இப்போது பேசலாம் என்று தேடிப் பார்த்தாள். எல்லாரும் ஜெயித்ததைப் பற்றித்தான் பேசுவார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஊரெல்லாம் தெரிந்தவள், உலகமெல்லாம் தெரிந்தவள். ஆனால், “நான் இன்றைக்கு ஓர் அசிங்கம் பண்ணிவிட்டேன்” என்று சொல்லி அழ அவளுக்கு ஓர் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் அக்காதான்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கவேனா வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். ‘நான் கேட்டதை மறந்துவிடு. நீ எங்கேயும் வர வேண்டாம். அம்மாவோடு இரு.’ பெண் வாயால் ‘மாட்டேன்’ என்று கேட்பதைவிட அது மேல். பெண்ணுக்கும் அதுதான் நல்லது. வண்டி ஓட்டும்போது அந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா வீட்டு வாசலில் செருப்புகளை விட்டுவிட்டு உள்ளே போனாள். மெல்வின் பின்கட்டில் கோழி வாட்டிக்கொண்டிருந்தான், புகை சமையலறை வரை வந்தது. உலுலானி தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தாள். யார் வந்தது என்று தெரிந்தும் திரும்பவில்லை.

கவேனா மேஜையருகே ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். நோஹியாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, இந்த வீட்டு வழக்கப்படி, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதில் குறை வைக்கவில்லை.

“ஆன்ட்டி, அது என் தப்புதான். முன்னுரிமை உங்களுக்கு. நான் சுத்தமா மறந்துட்டேன்.”

“கவேனா, நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்—”

“நான் முதல்ல சொல்லிடறேனே. இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும்.” அவள் மூச்சை இழுத்து விட்டாள். “நான் வர்றேன்.”

அரிசி களையும் சத்தம் நின்றது.

நோஹியாவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. பதினைந்து வருஷமாக அவள் எந்த ஊர் ஹோட்டல் அறையில் படுத்தாலும் தனக்குத் தானே கற்பனை செய்து கேட்டுக்கொண்ட வார்த்தை அது.

“நிஜத்தைச் சொல்லிடறேன்” என்றாள் கவேனா. “காலைல வரைக்கும் நான் வர்றதா இல்ல. அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன். உங்களைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும் ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. எப்ப வந்தாலும் விருந்தாளி மாதிரி வாசல் பக்கமாவே உக்காருவீங்க. அதுக்காக ஒருத்தர்கூடப் போயிட முடியுமா?”

“அப்புறம் ஏன்…”

“இன்னிக்கு அலையில திரும்பினேன்ல? உங்க மூஞ்சியைப் பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல. கோபம் இல்ல, சிரிப்பு இல்ல. நான் யாருன்னுகூட இல்ல.” அவள் கண்கள் பளபளத்தன. அழுகையில்லை. “தண்ணிக்குள்ள உருண்டுட்டு இருக்கறப்பவே நினைச்சேன். ஓ, சாம்பியன்னா இதுதானான்னு. நான் உங்களைவிட நல்லாத்தான் அலை எடுத்தேன். எல்லாரும் சொல்றாங்க. ஆனா நான் சிரிச்சேன், தோத்தேன். நீங்க சிரிக்கல. எனக்கும் அப்படி ஆகணும் ஆன்ட்டி. அந்தக் கையை எப்பத் தூக்கணும், எப்படித் தூக்கணும்னு சொல்லிக் குடுங்க. நான் உங்ககூட வர்றேன்.”

பின்கட்டுக் கதவருகே மெல்வின் இடுக்கியோடு நின்றான். அவன் நோஹியாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம் என்று சொல், என்றது அந்தத் தலை.

நோஹியாவுக்கு அந்த மூன்று வாக்கியங்களும் நினைவில் இருந்தன. அவற்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“பாஸ்போர்ட் இருக்கா உனக்கு?” என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. காலையில் கை போன மாதிரி, இப்போது வாய். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“இருக்கு” என்றாள் உலுலானி.

கவேனாவே ஆச்சரியத்தோடு திரும்பினாள். “எனக்கா? எப்பம்மா எடுத்தே?”

“போன வருஷம். ஃபோட்டோ பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லி எடுத்தேனே, அது இதுக்குத்தான்.”

“போன வருஷமா?” என்றாள் நோஹியா. “நான் கேட்டதே போன வாரம்தானேக்கா.”

உலுலானி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தில் காலையில் பார்த்த கோபம் இல்லை, அழுது ஓய்ந்திருந்தது.

“நீ கேப்பேன்னு ஒவ்வொரு வருஷமும் பாத்தேன். கேக்காமலே இருந்துடுவியோன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. வழக்கம் இல்லதான். ஊர் ஆயிரம் சொல்லும். ஆனா அவ உன்கூடவும் கொஞ்ச நாள் இருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. நீயும் தனியா எத்தனை நாளைக்குத்தான் அலைவே?” அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “ஆனா நான் அதை எடுத்தது காலைல அலையில சிரிச்சாளே, அந்தப் பொண்ணுக்கு.”

பின்கட்டில் கோழி கருகுகிற வாடை வந்தது. மெல்வின் அசையவில்லை.

“இப்ப நான் போகலாமா, கூடாதாம்மா?” என்றாள் கவேனா.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான் என்பதுபோல, உலுலானி தங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.